தையலக்காவுக்கு வந்த போன்

பள்ளிக்கூடத்துக்கு எதிரே சீருடை தைக்கிற கடை அவளுடையது. பிள்ளைகளுக்கு அவள் தையலக்கா. திடுதிப்பென்று வளர்ந்துவிட்ட பையன்கள் பேண்ட்டைக் கொண்டுவந்தால், மடிச்சுத் தைச்சதையெல்லாம் அவுத்து விட்டாச்சு, இனி உன் காலைத்தான்டா மடிச்சுத் தைக்கணும் என்பாள். வாய் ஓயாத ஆள்.

அவளுக்கு ஒரே மகன். அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. பரீட்சை முடிந்த அன்று மத்தியானம், நெட்டையன் என்கிற கூட்டாளியின் வீட்டு மாடி அறையில் நாலு பேர் கூடிக் குடித்தார்கள். அவள் மகன் சுருண்டு விழுந்தான். மற்றவர்கள் உலுக்கிப் பார்த்தார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். வெளியே சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள் என்று பயம். தூங்கினால் தெளிந்துவிடும் என்று மல்லாக்கப் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். வாந்தி மூச்சை அடைத்து அங்கேயே இறந்து கிடந்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர்.

அந்த வார்த்தை அவளை அரித்தது. கடை பல மாதம் பூட்டியே கிடந்தது.

பள்ளியில் வருஷத்துக்கொருமுறை மதுவுக்கு எதிராகக் கூட்டம் போடுவார்கள். கெட்டுப்போன ஈரலின் படத்தைக் காட்டுவார்கள், பிள்ளைகள் கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். அவள் மகனும் எடுத்தவன்தான். அவள் தலைமையாசிரியையிடம் போய், என்னையும் பேச விடுங்கள் என்று கேட்டாள். அவர் மிகவும் தயங்கி, கடைசியில் அறிவியல் டீச்சரோடு சேர்ந்து வாரம் ஒரு பாடவேளை கொடுத்தார்.

கூட்டாளிகள் வற்புறுத்தினால் எப்படிக் கழன்றுகொள்வது என்று டீச்சர் பிள்ளைகளையே நடிக்கவைத்துப் பழக்கினார். தையலக்காவுக்கு முதல் நாள் நாக்கே எழவில்லை. கடைசி பெஞ்சில் நெட்டையன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். யோசித்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டாள். பலகையில் தன் போன் நம்பரை எழுதிவிட்டு, இவ்வளவுதான் சொன்னாள்:

"குடிக்காதீங்கப்பா. அப்படியும் யாராவது குடிச்சு விழுந்துட்டா, விட்டுட்டு ஓடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. வீட்ல சொல்ல பயமா இருந்தா எனக்குப் போன் போடுங்க. நான் திட்ட மாட்டேன்."

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம் போன் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அண்ணன் குடித்துவிட்டுக் கிடக்கிறான், எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்று அழுதாள். ஒருக்களித்துப் படுக்கவை, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆம்புலன்சுக்கும் சொல்லி, போட்டது போட்டபடி ஓடினாள். பையன் பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் அவனுடைய அம்மா கடைக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தையலக்கா தேற்றி அனுப்பினாள். வீட்டுக்கு வந்துதான் புருஷனிடம் உடைந்தாள்.

"புள்ள பிழைச்சதுல சந்தோஷம்தாங்க. ஆனா அந்தம்மா முகத்தைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிஞ்சுது. நம்ம புள்ளைக்காக ஒருத்தனாவது யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாரம் அவள் வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனாள்.