கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் கிரேஸ் காலமாகிவிட்டார் என்று சொன்னார்கள். அப்படியே கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாளையங்கோட்டையில் 'ரத்த டாக்டரம்மா' என்றால்தான் அவரைத் தெரியும். அவரிடம் பிழைத்துப்போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நான் அவரிடம் போன கதை இது.

நான் கணக்கு டீச்சர். எண்ணிக்கை என்று ஒன்றைக் காகிதத்தில் காட்டினால் நம்பிவிடுவேன். டெங்கு காலத்தில் ஒரு காய்ச்சலுக்கு ரத்தம் பரிசோதித்தபோது, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட், ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது, பதினெட்டாயிரம் என்று வந்தது. காய்ச்சல் போயும் எண்ணிக்கை ஏறவில்லை. மாமியார் பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுத்தார், குமட்டிக்கொண்டு வரும். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் பூரியாக உப்பியது. ஆறு மாதம் கழித்து, மண்ணீரல்தான் பிளேட்லெட்டை அழிக்கிறது, அதை எடுத்துவிடலாம் என்று தேதியும் குறித்துவிட்டார்கள்.

அதற்கு முன், ஆபரேஷன் செய்யலாம் என்று ரத்த டாக்டரிடம் ஒரு கையெழுத்து வேண்டும். ரிப்போர்ட் கட்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

“பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?”

“இல்ல டாக்டர்.”

“இடிச்ச இடம் கன்னிப்போகுதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“பதினெட்டாயிரத்த வச்சுக்கிட்டு ஒரு சொட்டுகூடக் கசியலையா? எங்கயோ இடிக்குதே. விரலக் காட்டு ஏட்டி.”

விரலில் குத்தி ஒரு துளியைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்தார். வழக்கமாக எடுக்கும் ஊதா மூடிக் குப்பியிலும் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதிலிருந்து இன்னொரு ஸ்லைடு. சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர், என்னையும் பார்க்கச் சொன்னார். முதல் ஸ்லைடில் பொடிப்பொடியாகப் பிளேட்லெட் நிறைய இருந்தது. இரண்டாவதில் அவை திட்டுத்திட்டாக ஒட்டிக் கிடந்தன.

“ரத்தம் உறையாம இருக்கக் குப்பியில போடுற மருந்து உன் ரத்தத்துக்கு ஒத்துக்கிடல. எல்லாம் ஒட்டிக்கிடுது. கும்பலா நிக்கிறத மெஷின் எண்ணாம விட்டுருது. உனக்கு இந்த நோயே இல்ல. மாத்திரையப் பைய பையக் குறைப்போம்.”

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “ஆறு மாசமா ஒருத்தருக்குமா தெரியாமப் போச்சு?” என்று அவரிடமே சத்தம் போட்டேன்.

அவர் மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்தார். “எனக்கே தெரியாமப் போயிருக்கு. களக்காட்டுல ஒரு பிள்ளை. உன்ன மாதிரியேதான். மெஷின நம்பிக் கையெழுத்துப் போட்டேன், மண்ணீரல எடுத்துட்டாங்க. பொறவுதான் ஸ்லைடப் பார்த்தேன். அவ வீட்டுக்குப் போயி என் தப்பச் சொன்னேன். வாசல்ல நிக்கவச்சு ஏசுனா. அதுக்கப்புறம் பார்க்காம ஒரு கையெழுத்தும் போட்டதில்ல.”

சாவுச் செய்தி கேட்ட மறுநாள் டாக்டரம்மாவின் அடக்கத்தில், கல்லறைத் தோட்டத்து ஓரமாக ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். எந்த ஊர் என்று கேட்டேன்.

“களக்காடுக்கா. மண்ணீரல் இல்லாத உடம்பு, காய்ச்சல் வந்தாத் தாங்காதுன்னு டாக்டரம்மா வருசந்தவறாமத் தடுப்பூசிய எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வருவாவ. நான் ஏசுனத ஒருநாளும் மனசுல வச்சுக்கிடல.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் நன்றியில் பாதி இவளுக்குச் சேர வேண்டியது.

டாக்டரம்மாவின் நினைவாக உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். இடது விலாவுக்கு அடியில் என் மண்ணீரல் இருக்கிறது.