கண்காணிப்பில் ஒரு காவலாளி

துணிக்கடை வாசலில் பல வருடங்களாக நிற்கும் காவலாளி அவர். முகத்தை ஒரு தரம் பார்த்தால் போதும், துணி வாங்க வந்தவர் யார், ஏசிக் காற்று வாங்க வந்தவர் யார் என்று சொல்லிவிடுவார். யார் மீதாவது சந்தேகம் தட்டினால் விற்பனைப் பெண்களிடம், "அந்த ஆளைக் கண்காணிப்புல வைங்கம்மா" என்று காதைக் கடிப்பார்.

ஒருநாள் மதியம் அவரே கதவுக்குக் குறுக்கே மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் அவர் மார்பில் ஒயர்களை ஒட்டச் சொன்ன டாக்டர், மனைவியிடம், "இவரை அப்சர்வேஷன்ல, அதாவது கண்காணிப்புல வச்சிருக்கோம்" என்றார்.

காவலாளிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அப்படி நான் என்ன பண்ணிட்டேன்?" என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து நானும் உங்களை அப்படித்தான் வச்சிருக்கேன். என்ன குறைஞ்சு போச்சு? பேசாம படுங்க."

நர்ஸ்தான் பொறுமையாக விளக்கினார். "வியாதி இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல ஐயா. நாளைக்கு வரைக்கும் நாடி, பிரஷர் எல்லாம் பார்த்துட்டே இருப்போம். ஒண்ணும் இல்லைன்னா அனுப்பிடுவோம்."

"எங்க கடையிலயும் இதேதாம்மா. சந்தேகம் தீர்ந்தா விட்டுடுவோம்."

சந்தேகத்துக்கு ஆளானவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அதனால் கைகளைப் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரரின் பழக்கூடை இருந்த திசைக்குத் தலையைத் திருப்பவே இல்லை. கழிவறைக்குப் போக எழுந்தபோது ஒயர் கழன்று இயந்திரம் அலறியது. நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

மறுநாள் டாக்டர், "இதயத்துல ஒரு குறையும் இல்ல. வெறும் வயித்தோட வெயில்ல நின்னதுதான். இனிமே உக்காந்து வேலை பாருங்க" என்றார். விடுதலைத் தீர்ப்பு வந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வேலைக்குத் திரும்பிய அன்று வாசலில் நாற்காலி போட்டிருந்தது. அதற்கு நேர் மேலே புதிதாக ஒரு கேமரா.

"உங்க நல்லதுக்குத்தான். மறுபடி விழுந்தா எனக்குத் தெரியணுமில்ல?" என்றார் முதலாளி. அவர் குரலில் உண்மையான அக்கறைதான் இருந்தது.

சாயங்காலம் யாருக்கோ கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க."

"சரிங்க முதலாளி."

உட்கார்ந்தார். கொட்டாவி ஒன்று வந்தது. வாயைத் திறக்காமலே விழுங்கிக்கொண்டார்.