தனியாகச் செய்கிறாரா?

பிள்ளை வயதுக்கேற்ப வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு பெட்டியும் பதினொரு பக்கப் படிவமும் போதும் என்பார்கள். பெட்டிக்குள் மரக்கட்டைகள், ஒரு கண்ணாடி, நிறப் பென்சில்கள், ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. எல்லாம் குளிர்நாடொன்றிலிருந்து வந்தவை. படிவத்தை மட்டும் யாரோ தமிழாக்கியிருக்கிறார்கள். அதன் நடுப்பக்கத்தில் கேள்விகள் ஒரே மாதிரித் தொடங்கும்: தனியாக உண்கிறாரா, தனியாக உடுத்துகிறாரா, தனியாக உறங்குகிறாரா. அந்தப் பக்கத்தில் நான்கு ‘இல்லை’ விழுந்தால் பிள்ளை ஒரு வருடம் பிந்தித்தான் பள்ளிக்கூடம் போகும்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி அறையொன்றில், எட்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். வீட்டில் கிளியாகக் கதைத்த பிள்ளை நேர்முகத்தில் வாய் திறக்காமல் நின்றதைப் பார்த்தவர் நீங்களென்றால், மேசைக்கு அந்தப் பக்கத்து அவதி உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கமும் அப்படித்தான். போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஷெரின் என்ற பிள்ளைக்கு மூன்று ‘இல்லை’ விழுந்து, ஒரு கேள்வி மிச்சம் நின்றது. அந்தக் கேள்விக்கு நான் எழுதிய பதில் சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கு முன் வேறு சிலதைச் சொல்ல வேண்டும்.

பெயர்

தெஹிவளையிலிருந்து வந்த மூன்றரை வயதுப் பையன். “உங்கட பேர் என்ன, ராசா?” என்றேன். “தம்பி” என்றான். அம்மா எப்படிக் கூப்பிடுவா என்று கேட்டேன். “தம்பி.” அப்பா? “தம்பி.” அடுத்த வீட்டு அன்ரி? நான் விளங்காத ஆள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. குரலை உயர்த்தி, ஒவ்வோர் எழுத்தாக, “தம்பி” என்றான்.

தன் பெயரைச் சொல்கிறாரா: இல்லை. வெளியே இருந்த தகப்பனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். வங்கியில் வேலை செய்கிறவர், நிதானமான மனிதர். குற்றம் பிடிபட்டதுபோல் எழும்பி நின்றார். “பேர் வைச்சனாங்கள் மிஸ். பேர்த் சேர்டிபிக்கற்றில இருக்கு. கொண்டுவரட்டோ?”

பொட்டு

இது இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு. முகத்தைத் துடைக்கிற சாட்டில் நெற்றியில் ஒரு நிறப் புள்ளியை ஒட்டிவிட்டுக் கண்ணாடியைக் காட்ட வேண்டும். பிள்ளை தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால், கண்ணாடியில் இருப்பது தான்தான் என்று அதற்குத் தெரியும். தொடாவிட்டால் தெரியாது. இரண்டு வயது முடியப்போகிற பெண்பிள்ளை ஒன்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது, பற்களைப் பார்த்தது, தலையைச் சாய்த்து அழகு பார்த்தது. புள்ளியைத் தொடவே இல்லை. தன்னைத் தெரியாத பிள்ளை என்று எழுதினேன்.

இப்போதெல்லாம் நான் புள்ளியை மூக்கில்தான் ஒட்டுகிறேன். அன்று அந்தத் தாய் சொன்னது இதுதான்: “ஒவ்வொரு நாளும் குளிக்கவார்த்து நான் வைக்கிறது மிஸ். இண்டைக்கு நீங்கள் வைச்சிருக்கிறியள். அவ ஏன் அழிக்க வேணும்?”

தூக்கம்

என் ஃபிளாட் பாமன்கடையில். இரண்டு அறைகள். கணவர் காலமாகி ஆறு வருடம், மகன் மெல்பேர்னில். உறக்கம் பற்றிய கேள்வி வரும்போது நான் கொஞ்சம் வேகமாக வாசித்துவிடுவேன்.

கணக்காளராக இருக்கும் ஒரு தாய், மற்றக் கேள்விகளுக்கெல்லாம் நான் முடிக்குமுன்பே பதில் சொல்லிக்கொண்டு வந்தவ, இதில் நின்றுவிட்டா. திருப்பி வாசிக்கச் சொன்னா. “தனி அறையில் தனியாக உறங்குகிறாரா?” மடியில் இருந்த மகளைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டா: “ஏன் மிஸ், பிள்ளை என்ன பிழை செய்தது?”

குடும்பப் படம்

ஐந்து வயதுக்காரன் ஒருவனிடம் குடும்பத்தைக் கீறச் சொன்னேன். ஒன்பது பேரைக் கீறினான். சுவிஸில் இருக்கும் சித்தப்பா, நேர்சரிக்கு ஏற்றிப்போகும் ஓட்டோக்காரர் எல்லாரும் கைகோத்து நின்றார்கள். அவன் இல்லை. தன்னைக் கீறாவிட்டால் படிவத்தில் ஒரு தனிக் குறிப்பு எழுத வேண்டும். அதே கிழமை மகன் அனுப்பிய படமொன்று என் போனில் இருந்தது. பேரன் தன்னை மட்டும், தாள் நிறையக் கீறியிருந்தான். அதில் ஆசிரியை ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தா.

“எல்லாரும் நிக்கினம், நீங்கள் எங்க?” என்று கேட்டேன். பென்சிலை வைக்காமலே சொன்னான்: “நான் கீறிக்கொண்டெல்லோ இருக்கிறன்.”

கரண்டி

இனி ஷெரின். அவளும் பெரியம்மாவின் மகளும் ஒரே வயது, ஒரே வீடு. இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. மற்றவள் வேறொரு சோதிப்பவரிடம் தேறிவிட்டாள். இவள் தேறாவிட்டால் அவள் மட்டும் போவாள். தாய் புறக்கோட்டையில் புடவைக்கடையொன்றில் நிற்பவ. வீட்டில் பிள்ளைகளை வரிசையாக இருத்தி, ஒரு கோப்பையில் சோறு குழைத்து, ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டு போவாவாம். “நான் வெளிய நிக்கிறேன் மிஸ். ஆனா அவ தானா சாப்பிட மாட்டா. அடிச்சாலும் மாட்டா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினா.

கிண்ணத்தில் தயிரைப் போட்டு, கரண்டியை வைத்தேன். சோதிப்பவர் பேசக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. ஷெரின் கிண்ணத்தைப் பார்த்தாள். மேசையின் ஓரத்தில், நான் மத்தியானம் திறக்காமல் விட்ட சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தாள். கீழே கடலோர ரயில் போய் முடியும்வரை காத்திருந்தாள். பிறகு கரண்டி நிறைய அள்ளி, எழும்பி நின்று, ஒரு துளி சிந்தாமல் மேசைக்கு மேலால் என் வாய்க்கு நீட்டினாள்.

நான் வாயைத் திறந்தேன். தயிர் புளித்திருந்தது. கிண்ணம் முடியும்வரை ஊட்டினாள். இடையில் ஒருமுறை கரண்டி விளிம்பால் என் வாய்க்குக் கீழே நாடியை வழித்தும் விட்டாள். ‘தனியாக உண்கிறாரா’ என்பதன் கீழே சின்ன எழுத்தில், ‘கரண்டியால் எடுத்துச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகிறார்’ என்று இருக்கிறது. யாருடைய வாய் என்று இல்லை. ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். தாய் உள்ளே வந்து வெறுங்கிண்ணத்தைக் கண்டு, “எல்லாம் நீயா சாப்பிட்ட?” என்று மகளின் கன்னத்தைப் பிடித்தா. “இல்ல மம்மி” என்றாள் ஷெரின். “மிஸ்ஸுக்கு ஊட்ட யாரும் இல்ல. அதான்.”

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அந்த நடுப்பக்கத்தை எனக்கே நிரப்பிப் பார்த்தேன்: உண்பது, உடுத்துவது, உறங்குவது எல்லாவற்றுக்கும் ‘ஆம்’, வயதுக்கேற்ற வளர்ச்சி.