இடது இறக்கையின் தையல்

என் தங்கை வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் ‘பைலட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுவது என்னவோ பழைய ஸ்கூட்டர். அதையும் மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார். பேருந்துப் பணிமனையில் தகடு வெட்டிப் பொருத்துகிற வேலை. அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, இரண்டு பேர் உட்காருகிற மாதிரி ஒரு சின்ன விமானத்தை வீட்டிலேயே செய்யப்போகிறேன் என்றாராம். என் தங்கை சரி என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாளாம். அவள் அப்படித்தான்.

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. என் வாய் சும்மா இருக்காது. தையல் கடையில் நாலு மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை எனக்கு. நேராகப் போய், பிழைக்கிற வழியைப் பாருங்கள், ஊர் சிரிக்கிறது என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

“சீட்டு ரெண்டு, அக்கா. ஒண்ணு அவளுக்கு” என்றார்.

என் தங்கை அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. அதற்கு மேல் என்ன திட்டுவது? ஆனாலும் இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

கார் இல்லாத வீட்டின் கார் கொட்டகையில் வேலை ஆரம்பித்தது. மெல்லிய மரச் சட்டங்களை ஒட்டி, பசை காய்கிற வரை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்காக வீட்டிலிருந்த துணிக் கிளிப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொடியில் காய்ந்த சட்டைகள் காற்றில் பறந்து பக்கத்து வீட்டு மாடியில் விழும். “அவர் செஞ்சதிலேயே இதுதான்க்கா முதல்ல பறந்துச்சு” என்று தங்கை சிரிப்பாள். வருஷங்கள் ஓடின. இவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் சிலர் அதையும் இதையும் சேர்த்துப் பேசினார்கள். பேசியவர்களுக்கு என் கடையில் துணி தைக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை.

உடம்புப் பகுதி முடிந்து இறக்கைக்கு வந்தபோதுதான் தங்கையும் வேலையில் இறங்கினாள். இறக்கையின் உள்ளே நீளமாக ஒரு மர விட்டம். அதன் குறுக்கே வரிசையாக விலாச் சட்டங்கள். அதன்மேல் துணியைப் போர்த்தி, ஒவ்வொரு சட்டத்தோடும் சேர்த்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று துணியை உரித்துக்கொண்டு போய்விடும். இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். இவள் நீள ஊசியைக் குத்தி அனுப்புவாள். அவர் வாங்கி, சட்டத்தைத் தாண்டித் திருப்பி அனுப்புவார். இவள் முடிச்சுப் போடுவாள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஊசி கைக்கு வந்ததும் அவர் “வந்துச்சு” என்பார். இவள் “ம்” என்பாள். நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க அந்த ‘வந்துச்சு’வும் ‘ம்’மும்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எப்படித்தான் அலுக்கவில்லையோ.

வலது இறக்கை முடிந்தது. இடது இறக்கையில் துணி போர்த்துவதற்குள் தங்கைக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மருந்து ஏற ஏற விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. சட்டைப் பொத்தானை அவளால் போட முடியவில்லை. சின்ன வயதில் நான் தைத்ததைப் பிரித்து, எனக்கே நன்றாகத் தைத்துக் காட்டியவள் அவள்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. துணியால் மூடுவதற்கு முன்னால் விமானச் சங்கத்து இன்ஸ்பெக்டர் வந்து உள்ளே பார்க்க வேண்டும். மூடிய பிறகு உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்? வலதை அவர் பார்த்திருந்தார். இடதுக்குக் கூப்பிட்டபோது அவர் வெளியூர் போயிருந்தார், திரும்ப ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

தங்கை தன் வீட்டுக்காரரிடம், “ஒரு மாசம் கழிச்சு என் விரல் நான் சொன்னதைக் கேக்காதுங்க. இப்பவே தைச்சுடலாம்” என்றாள்.

விமானம் கட்டுகிற எவனும் செய்யாத தப்பு அது. தெரிந்தேதான் செய்தார். அவள் கையால் முடியட்டும் என்று மூடினார்கள். மேலே பூச்சும் பூசிவிட்டார்கள். கடைசி முடிச்சுப் போட்ட வாரமே அவள் படுத்த படுக்கையானாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. என்னைவிடச் சின்னவள். அவளை முன்னால் அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் போன பிறகு கொட்டகைப் பக்கமே போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். “அவ தைச்சது பறக்கணும்க்கா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இறக்கை மாட்டினால் கொட்டகை கொள்ளாது. அதனால் விமானத் திடலின் ஓரத்தில் ஒரு தகரக் கூடத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுபோனார்கள். மாட்டுகிற அன்று பணிமனையிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரும் வந்தார், மெதுவாகப் பேசுகிற வயதானவர். நாலு பேரும் இறக்கையைத் தூக்கிப் பிடிக்க, தங்கை வீட்டுக்காரர் உள்ளே குனிந்து ஓட்டையும் ஓட்டையும் நேர்படுகிறதா என்று பார்த்தார். வலது உட்கார்ந்தது. இடதைத் தூக்கினார்கள். சுத்தியலே வேண்டியிருக்கவில்லை, கட்டைவிரலால் அழுத்தியதும் போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஒருவன் கைதட்டினான்.

இறக்கையின் நடுவிலிருந்து சாய்வாக இறங்கி உடம்பைப் பிடிக்கிற ஒரு கம்பி உண்டு. பறக்கும்போது பாரமெல்லாம் அதில்தான். அந்தக் கம்பியை இறக்கைக்குள்ளே விட்டத்தோடு பிடித்திருக்கிற போல்ட்டை யார் பார்த்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அந்தத் தையலைத் தடவிப் பார்த்தார்.

“திறந்து பாக்காம நான் கையெழுத்துப் போட முடியாதுப்பா” என்றார்.

இடது இறக்கையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். அன்றிலிருந்து தங்கை வீட்டுக்காரர் வேலை முடிந்ததும் போய் அதன் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு போய், தூக்கை அவர் எதிரே நங்கென்று வைத்தேன். பறக்க வேண்டும் என்றால் பிரியுங்கள், முடியாது என்றால் துணி போட்டு மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குங்கள், இரண்டும் இல்லாமல் இதென்ன பிழைப்பு என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த முடிச்சுகளில் பாதி கோணல். மரத்துப்போன விரலால் போட்டவை. அதைப் பிரி என்று சொல்ல எனக்கு மட்டும் மனசு இருக்கிறதா?

நான் முடிக்கிற வரை காத்திருந்தார்.

“நீங்க பிரிங்கக்கா. நான் பிரிச்சா கிழிஞ்சிடும்” என்றார்.

இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். போல்ட் இருக்கிற இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டிவிட்டு, தையல் பிரிக்கிற கொக்கியால் ஒவ்வொரு முடிச்சாக எடுத்தேன். இவர் ஒவ்வொரு நூலையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு துணியில் ஒரு கை நுழைகிற அளவு வெட்டினேன். இன்ஸ்பெக்டர் டார்ச்சைப் பிடித்து உள்ளே பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் ஏதாவது மிச்சம் வைத்திருப்பாள் என்று நினைத்தேனோ என்னவோ. உள்ளே ஒன்றும் இல்லை. போல்ட் இருந்தது. அது கழலாமல் இருக்கக் குத்துகிற ‘பின்’னும் இருந்தது, முனை ஒழுங்காக மடித்திருந்தது. எல்லாம் இவர் செய்தபடியே சரியாக இருந்தது.

இதற்கா என் தங்கை கைத் தையலைப் பிரிக்க வைத்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் மேல் பாய்ந்தேன். அந்த மனிதர் டார்ச்சை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இவர்தான் என் கையைப் பிடித்து, “அவர் மேல தப்பில்லக்கா” என்றார்.

திறந்த இடத்தை மறுபடி மூட வேண்டும். புதுத் துணியை ஒட்டி இறக்கையை நிமிர்த்தி நிறுத்தினோம். அந்தப் பக்கம் அவர் போனார். இந்தப் பக்கம், அவள் உட்காருகிற முக்காலியில், நான். ஊசியில் நூலைக் கோத்தேன். சும்மா இருக்க முடியுமா என்னால்? நூல் தரமில்லை, ஊசி மழுங்கிப்போச்சு, இந்தக் கூடத்தில் ஒரு மின்விசிறி கூடவா இல்லை என்று பேசிக்கொண்டே குத்தி அனுப்பினேன். ஊசியை அந்தப் பக்கம் இழுப்பது தெரிந்தது. ஆனால் திரும்பி வரவில்லை. தம்பி, என்ன ஆச்சு, ஊசி வந்துச்சா என்று கேட்டேன்.

துணிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

“அக்கா, கொஞ்சம் பேசாம தைக்கிறீங்களா? யார் தைக்கிறாங்கன்னு தெரியாம இருக்கட்டும்.”

வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஊசி திரும்பி வந்தது. முடிச்சுப் போட்டு அடுத்ததைக் குத்தி அனுப்பினேன். “வந்துச்சு” என்றார். நான் “ம்” கூடச் சொல்லவில்லை.