கப்பலேறியவரின் கொள்ளுப்பேத்தி

கொள்ளேகால் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ஓடிப்போனவன் வகையறா. அப்பாவின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கரும்புத் தோட்டக் கூலிக்கென்று மெட்ராஸில் கப்பலேறினார். திரும்பவில்லை. அக்கரையில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நாங்கள் பிழைக்க மைசூருக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் விடவில்லை. உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் போதும், பந்தியில் யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் கூடிவந்தது. நிச்சயத்தன்று பெண், மாப்பிள்ளை இரு பக்கத்து முன்னோர் பெயர்களையும் சபையில் படிப்பது எங்கள் வழக்கம். கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் பெயரை மட்டும் தாண்டிவிடுவார்கள். என் நிச்சயத்தில் தாண்ட விடுவதில்லை என்று தீர்மானித்தேன். கப்பலின் பெயர் வீட்டில் வாய்வழியாக வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு, ஃபேக்டரியில் லீவு போட்டுவிட்டு, மெட்ராஸ் ஆவணக் காப்பகத்துக்கு ரயிலேறினேன்.

கப்பல் கிடைத்தது. அது அக்கரை சேரவே இல்லை, புயலில் மூழ்கியிருந்தது. அறிக்கையில் கப்பல் தலைவனின் பெயர், அவன் மனைவியின் பெயர், கூடவே முழுகிய குதிரையின் நிறம்கூட இருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரே சொல்தான்: கூலிகள். அவர்கள் பெயரெல்லாம் எங்கே என்று அங்கிருந்த குமாஸ்தாவைக் கேட்டேன்.

"அது வேற ரெஜிஸ்டர் மேடம். செல்லரிச்சுப் போச்சு."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஊர் திரும்பியதும் பெரியப்பாவிடம் சொன்னேன். சபையில் படிக்கப்போகிறவர் அவர்தான். முழுகியவர் அவருக்கும் தாத்தாதான்.

"அந்தக் கப்பல்லதான் போனாருன்னு எழுத்து இருக்குதா புள்ள? இல்லாம எப்படிப் படிக்கிறது?" என்று முடித்துவிட்டார்.

நிச்சயத்தன்று எங்கள் மைசூர் வாடகை வீடு கொள்ளேகால் சனத்தால் நிரம்பி வழிந்தது. பெரியப்பா என் அப்பா பெயரைப் படித்தார், தாத்தா பெயரைப் படித்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு மாப்பிள்ளை பக்கத்துக்குத் தாவினார். பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம். நான் எழுந்து கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கணீரென்று சொன்னேன்.

"அவரு ஓடிப்போகலீங்க. கப்பலோட முழுகிட்டாரு."

அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்து, "சும்னிரு!" என்றாள். பதற்றத்தில் 'சும்மா இரு' என்பதுகூட அவளுக்குக் கன்னடத்தில்தான் வரும்.

"எழுத்து எங்க புள்ள?" என்றார் பெரியப்பா.

"வெள்ளைக்காரன் எழுதலீங்க பெரியப்பா. அவன் எழுதாட்டி நமக்குத் தாத்தா இல்லீன்னு ஆயிருமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா எழுந்தார். பந்தியில் ஒருநாளும் தலை நிமிராத மனிதர், சிரிப்பு வந்த பக்கத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

"மொதல்ல இருந்து படிங்கண்ணா. நம்ம தாத்தா பேரோட."

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். தாளில் அந்தப் பெயர் இல்லை. அந்த இடம் வந்ததும் தலையை நிமிர்த்தி, தாளைப் பார்க்காமலேயே சொன்னார்.