நிழல் இல்லாத மேகம்

தண்ணீர்த் தம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிழலக்கா வாய்க்குக் கொண்டுபோவார். வடிகட்டிய தண்ணீர்தான். "கடல்தான் ஏமாத்தும், குழாயுமா?" என்று சீண்டினால், "குழாயை யாரு நம்பச் சொன்னா?" என்பார்.

செயற்கைக்கோள் எடுக்கும் கடல் படங்களைப் பார்ப்பது எங்கள் வேலை. கடலுக்குள் இறங்கிய வெயில் வண்டலில் பட்டுச் சிதறி, கொஞ்சம் மேலே திரும்புகிறது. அது எவ்வளவு என்று கணக்கிட்டால் தண்ணீரின் கலங்கல் தெரிந்துவிடும். துறைமுகத்தில் மூழ்கி வேலை செய்பவர்களுக்குக் காலையில் ஒரே சொல் போகும்: தெளிவு, இல்லையென்றால் கலங்கல். அதை நம்பித்தான் இறங்குகிறார்கள்.

படத்தில் வெள்ளையாக எது இருந்தாலும் கணினி அதை மேகம் என்று அழித்து, சுற்றியுள்ள தண்ணீரின் சராசரியை அங்கே நிரப்பிவிடும். நாங்கள் அப்படியே விட்டுவிடுவோம். நிழலக்கா விடமாட்டார். மூக்கு திரையில் இடிக்க, ஒவ்வொரு வெள்ளைக்கும் பக்கத்தில் நிழலைத் தேடுவார்; பெயர் வந்தது அப்படித்தான். மேலதிகாரி அவசரப்படுத்தினால், "தெரியலைன்னா தெரியலைன்னு அனுப்புங்க சார். யாரும் இறங்க மாட்டாங்க, அவ்ளோதானே?" என்பார்.

முன்பு அவரும் விட்டவர்தான். போன மழைக்காலத்தில் 'தெளிவு' என்று அவர் அனுப்பிய ஒரு காலையில், துறைமுகத்தில் மூழ்கு வேலை செய்த, அவருடைய தங்கையின் கணவர் கடலில் இறங்கினார். அறுந்து கிடந்த வலையில் சிக்கியவர் உயிரோடு மேலே வரவில்லை.

தங்கை இப்போது அக்காவோடு இருக்கிறார். மதியச் சாப்பாடு கொண்டுவருவார். செத்தவரைத் திட்டாமல் டப்பாவைத் திறக்கமாட்டார். "தெளிஞ்ச தண்ணியில வலை கண்ணுக்குத் தெரியலையாமா? குடிச்சுட்டுதான் இறங்கியிருப்பாரு. எங்களை நெனச்சாரா அந்த மனுஷன்?" நிழலக்கா குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் நான் என் திரைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நேற்றும் அதே பேச்சு. தங்கை டப்பாவைத் திறக்குமுன்பே நிழலக்கா எழுந்து, அந்த நாளின் படத்தைத் திறந்தார். தங்கையின் விரலைப் பிடித்து, ஆற்று முகத்துக்கு எதிரே இருந்த வெள்ளைத் திட்டின் மேல் வைத்தார்.

"மேகம்னா கடல் மேல நிழல் விழும். இதுக்கு நிழல் எங்கடி? இது சேறு. ரொம்பக் கலங்கினா இப்படி வெளுத்துத்தான் தெரியும். மெஷின் மேகம்னு அழிச்சிடுச்சு. நான் பாக்காம தெளிவுன்னு அனுப்பிட்டேன். அவருக்குத் தன் கையே தெரிஞ்சிருக்காது."

தங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை எடுத்து, மேசை மேலிருந்த டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தார்.