பிள்ளையார் வாங்கிய அரைச் சதம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட இவளுக்கு எழுதுகிற துணிவு எங்கிருந்து வந்தது என்று வாசிப்பவர்கள் கேட்கலாம். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள் நான். போன கிழமை கடையில் மிச்சக் காசுக்குப் பதிலாக இரண்டு ரொபி இனிப்புத் தந்தார்கள். சின்னக் காசை எல்லாம் ஒரேயடியாக நிற்பாட்டிவிட்டால் கரைச்சல் இல்லை என்று மகள் சொன்னாள். அவளுக்கு ஒரு கதை சொல்லத் தொடங்கினேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. வீட்டில் ஐயா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா. என் தலைமயிரை நோகாமல் இழுத்துப் பின்னிவிடத் தெரிந்தவர் சின்னம்மா ஒருவர்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்த ஒரு வருடம் அவருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பேச்சு முற்றினால் சின்னம்மா போய்விடுவார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாளில்தான் அரைச் சதத்துக்குக் கெட்ட காலம் வந்தது. வெள்ளைக்கார இராசாவின் தலை போட்ட சின்னச் செம்புக் காசு அது, இருநூறு சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். அதற்கு ஒரு பிடி பல்லிமுட்டை இனிப்பு வாங்கலாம். ஒருநாள் சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், அதை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இனி இதக் கொண்டு வராதீங்க மகள். வவுனியாவில மொத்தச் சாமான் எடுக்கிற இடத்தில என்னட்ட இத ஒருத்தரும் வாங்கிறாங்கள் இல்ல."

வீட்டில் இதைச் சொன்னதும் ஐயாவுக்குச் சந்தோசம்.

"நல்ல வேலை. சில்லறையைக் கட்டித் திரிஞ்சு மடிதான் கிழியுது."

அம்மா விடவில்லை. "அரைச் சதத்துக்குத் தந்த வெத்திலையை இனி ஒரு சதத்துக்குத்தான் தருவினம். உங்கடை மடி கிழியாது, என்ரை காசு வைக்கிற கொட்டைப்பெட்டிதான் கிழியும்."

குசினியில் ஒரு தகரப் பேணி நிறைய அம்மா சேர்த்த அரைச் சதங்கள் இருந்தன. இரண்டு நாள் அந்தப் பேணியையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு மூன்றாம் நாள் ஒரு வழி தோன்றியது. எங்கள் பக்கத்தில் நேர்த்தி வைப்பதென்றால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து முகட்டு வளையில் கட்டுவார்கள். நினைத்தது நடந்தால் முடிச்சை அவிழ்த்துக் காசைக் கோயில் உண்டியலில் போட்டு, சொன்னபடி பொங்கிப் படைக்க வேண்டும். அடைக்கு வைத்த கோழி நல்லபடி குஞ்சு பொரிக்க வேண்டும் என்று அம்மா ஒரு அரைச் சதத்தை முடிந்தார். பொரித்தால் குளக்கட்டுப் பிள்ளையாருக்குப் பொங்கலும் தேங்காயும்.

"காக்காவே வாங்காத காசைப் பிள்ளையார் வாங்குவாரோ?" என்று ஐயா கேட்டார்.

"பிள்ளையார் என்ன, வவுனியாவிலை போய்ச் சாமான் எடுக்கிறவரோ?"

இந்த மறுமொழி கிணற்றடி வழியாக ஊர் முழுவதும் போனது. அதன் பிறகு எங்கள் ஊரில் பக்தி பெருகிவிட்டது. மழைக்கு ஒரு முடிச்சு, மாட்டின் வயிற்றுக் கடுப்புக்கு ஒரு முடிச்சு, பஸ் நேரத்துக்கு வர வேண்டும் என்றுகூட ஒரு வீட்டில் முடிந்தார்கள். காட்டுப் பன்றி வயலில் இறங்கக்கூடாது என்று ஐயாவும் சத்தமில்லாமல் ஒன்று கட்டினார். எங்கள் முகட்டில் மஞ்சள் முடிச்சுகள் வரிசையாகத் தொங்கின. அவற்றில் ஒன்று சின்னம்மாவுடையது. எதற்கென்று கேட்டால் சிரித்தார். இன்னொன்று என்னுடையது. கதிரையில் ஏறி நின்று கட்டினேன். சின்னம்மா எங்களை விட்டுப் போகக்கூடாது.

பிள்ளையார் ஒருவரையும் கைவிடவில்லை. மழை பெய்தது. கோழி ஒரு முட்டையும் கூழாகாமல் பொரித்தது. பன்றிகள் எங்கள் வயலை விட்டுப் பக்கத்து வயலுக்குப் போயின. பஸ் ஒருநாள் நேரத்துக்கு வந்து, ஆட்கள் வந்து சேருமுன்னே போயும்விட்டது. ஒரு மத்தியானம் தரகர் குடையோடு வந்தார். காட்டுப் பக்கத்துப் பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்களாம். அம்மா மூக்கைச் சிந்தினார். சின்னம்மா கிணற்றடிக்குப் போய், தேவையில்லாத மரங்களுக்கெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே தண்ணீர் வார்த்தார். துக்கத்தை மறைக்கிறார் என்று எனக்கு அழுகை வந்தது.

நேர்த்தி பலித்துவிட்டதால் இனிச் சொன்னதைச் செய்ய வேண்டும். ஊரே ஒரே நாளில் பொங்குவதென்று முடிவானது. தேங்காய்க்கு எல்லோரும் காக்காவின் கடைக்குத்தான் போனார்கள். அவர் கிளிநொச்சியிலிருந்து சாக்குச் சாக்காக இறக்கினார். ஐயா பணம் கொடுக்கும்போது காக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்கட அரைச் சதம் செல்லாதெண்டு நான் சொன்னது பிழைதான் அண்ணே. இப்பிடிச் செல்லுற காசை நான் கண்டதே இல்ல."

பொங்கலுக்குச் சர்க்கரை வாங்கச் சின்னம்மாவும் நானும் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனோம். அங்கே வடமராட்சியிலிருந்து புதிதாக வந்த இளம் மனேச்சர் இருந்தார். சின்னம்மா நீட்டிய காசுக்குள் ஒரு அரைச் சதமும் கிடந்தது. நான் முந்திக்கொண்டு, "அது செல்லாது" என்றேன்.

"இஞ்சை செல்லும்," என்றார் மனேச்சர். மற்றக் காசை மேசை லாச்சியில் போட்டவர், அரைச் சதத்தை மட்டும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சின்னம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பொங்கலன்று குளக்கட்டு முழுவதும் புகை. உடைகிற தேங்காய்ச் சொட்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி எங்கள் சட்டையெல்லாம் நனைந்தது. அம்மா முகட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து எது எதற்கென்று சொல்லி உண்டியலில் போட்டார். சின்னம்மாவும் தன் முடிச்சை அவிழ்த்தார்.

"உனக்கு என்னடி நேர்த்தி?"

"கோழிக்குத்தான் அக்கா."

"கோழிக்கு நான் முடிஞ்சனான்."

"அது பேட்டுக்கு. இது சேவலுக்கு."

அம்மா அகப்பையைப் பிடித்தபடி சின்னம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கலியாணப் பேச்சுக் குழம்பிப்போனது என் முடிச்சால்தான் என்ற பெருமை எனக்கு. அதே பேச்சுக் குழம்பட்டும் என்று பக்கத்திலேயே இன்னொரு முடிச்சும் தொங்கியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அடுத்த தையில் அந்த மனேச்சர் எனக்குச் சித்தப்பா ஆனார். சங்கக்கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு, சின்னம்மா ஊரை விட்டுப் போகவே இல்லை.

அந்தக் குளக்கட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள் பேணியில் மிஞ்சிக் கிடந்த அரைச் சதம் ஒன்றை எடுத்துக்கொண்டு இனிப்பு வாங்கச் சங்கக்கடைக்குப் போனேன். மனேச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது செல்லாது பிள்ளை என்று சொல்லி என் கையில் தந்துவிட்டார்.